2070-இல் ஊட்டி எத்தனை டிகிரி? மாடல் தரும் வெப்பநிலையைத் திருத்தும் முறை

வட்டாரக் காலநிலை மாடலின் (ஒரு பகுதியின் காலநிலையைக் கணினியில் கணக்கிடும் மென்பொருளின்) கோப்பை முதன்முதலாகத் திறந்து, மாடல் நிலத்தைப் பிரிக்கும் சதுரங்களில் ஊட்டி விழும் கட்டத்தைத் தேடிப்பிடித்து ஜனவரி வெப்பநிலையைப் பார்த்தால் ஒரு நிமிடம் குழம்பிப்போவீர்கள். ஸ்வெட்டர் இல்லாமல் விடியற்காலையில் வெளியே தலைகாட்ட முடியாத ஊருக்கு, மலையடிவாரத்து ஊர் போல ஓர் எண் வந்து நிற்கும். மாடல் தவறா, கோப்பு தவறா, நாம் பார்க்கும் இடம் தவறா என்று தேட ஆரம்பிப்போம். நான் முதல் தடவை இரண்டு நாள் இப்படித்தான் தேடினேன். காலநிலைத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள், குறிப்பாக விவசாயம், நீர்வளம், பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு "எதிர்கால வெப்பநிலை டேட்டா வேண்டும்" என்று வருகிறவர்கள், அந்த இரண்டு நாளை மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாடலின் சராசரி நிஜத்திலிருந்து எப்போதும் ஒரே பக்கமாக விலகி நிற்பதைத் துறையில் பயாஸ் என்பார்கள். நான் சாய்வு என்றே எழுதுகிறேன். அதை நீக்குவதுதான் வேலை. கணக்கு கடினமில்லை, ரெடிமேட் மென்பொருளும் இருக்கிறது. ஆனால் எதை நீக்குகிறோம் என்று தெரியாமல் நீக்கினால், மாடல் நமக்குச் சொல்ல வந்த ஒரே விஷயத்தையும், அதாவது எவ்வளவு சூடாகும் என்பதையும், சேர்த்தே அழித்துவிடுவோம்.

ஊட்டியில் எது பிழை, எது பிழை இல்லை

வட்டார மாடல்களை ஒரே முறையில் ஓட்டும் சர்வதேசத் திட்டமான கார்டெக்ஸின் தெற்காசிய ஓட்டங்களில் ஒரு கட்டத்தின் அளவு 0.44 டிகிரி, அதாவது சுமார் 50 கிலோமீட்டர். பின்னால் வந்தவை 0.22 டிகிரி, சுமார் 25 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் பாதையே வளைந்து நெளிந்து 46 கிலோமீட்டர்தான். நேர்க்கோட்டில் பார்த்தால் இரண்டு ஊரும் ஒரே 50 கிலோமீட்டர்க் கட்டத்துக்குள் தாராளமாக அடங்கிவிடும். ஒன்று சுமார் 300 மீட்டர் உயரத்தில், மற்றது சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். மாடலுக்கோ அந்தக் கட்டம் முழுக்க ஒரே உயரம்தான்.

அந்த உயரம் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஊட்டி அதைவிட 1,240 மீட்டர் மேலே இருக்கிறது. காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது என்று எடுத்தால், 1.24 × 6.5, சுமார் 8 டிகிரி. இந்த 8 டிகிரி வித்தியாசம் மாடலின் தவறே இல்லை, மாடல் வேறொரு உயரத்தைப் பற்றிப் பேசுகிறது, அவ்வளவுதான். இதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான சாய்வு. பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகத் திருத்த மென்பொருளில் போட்டுவிடுகிறார்கள். கணக்கு எப்படியும் ஒரு விடை தரும், ஆனால் "மாடலுக்கு 9 டிகிரி சாய்வு" என்று அறிக்கையில் எழுதிவிட்டு மாடலையே குறைசொல்வது நியாயமில்லை. அதனால் மாடலின் தரையுயரக் கோப்பைக் கட்டாயம் கூடவே இறக்கிக்கொள்ளுங்கள். 6.5 என்பதும் ஒரு பொதுவான சராசரிதான். ஈரமான மாதங்களில் குறையும், வறண்ட பகலில் கூடும். பனி விழும் ஜனவரி இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்கிவிடுவதால் இந்தக் கணக்கு தலைகீழாகவும் ஆகும். குறைந்தபட்ச வெப்பநிலைக்கு இதை அப்படியே பயன்படுத்தும்போது கவனம் வேண்டும்.

கடற்கரையிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். சென்னை விழும் கட்டம் மாடலில் பாதி கடலாகவோ முழுக் கடலாகவோ இருந்தால், மே மாத வெயில் அதில் தெரியவே தெரியாது. நில-கடல் கோப்பைத் திறந்து பாருங்கள். கடல் கட்டமாக இருந்தால் மேற்கே ஒரு கட்டம் தள்ளி எடுங்கள், தள்ளி எடுத்ததைக் குறித்தும் வையுங்கள்.

என்னென்ன வேண்டும்

மாடல் டேட்டா: கார்டெக்ஸ் தெற்காசியக் கோப்புகள், காலநிலை மாடல் கோப்புகளைப் பகிரும் இஎஸ்ஜிஎஃப் வலைவாசலில் இலவசமாகக் கிடைக்கும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம்தான் இந்தப் பகுதிக்கான வேலையை முன்னின்று நடத்தியது. இத்தாலியின் ரெக்சிஎம்4, சுவீடனின் ஆர்சிஏ4, ஜெர்மனியின் ரெமோ ஆகியவற்றின் ஓட்டங்களை அடிக்கடி பார்ப்பீர்கள். ஒவ்வொரு வட்டார மாடலும் ஏதோ ஓர் உலக மாடலின் எல்லைத் தகவலை வாங்கித்தான் ஓடுகிறது. உலக மாடலில் அரபிக் கடல் குளிர்ந்து கிடந்தால் அந்தக் குளிர்ச்சியும் கூடவே வந்துவிடும். ஆகவே "ரெக்சிஎம்4-இன் சாய்வு" என்று தனியாக ஒன்று கிடையாது. எந்த உலக மாடலோடு சேர்ந்த ரெக்சிஎம்4 என்று சொல்ல வேண்டும், ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். எல்லா மாடலையும் சராசரி எடுத்துவிட்டு அதைத் திருத்தாதீர்கள். சராசரி எடுத்த உடனேயே நாளுக்கு நாள் உள்ள ஏற்ற இறக்கம் மழுங்கிவிடும்.

ஒப்பிட அளவீடு: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தினசரி உச்ச, குறைந்த வெப்பநிலைக் கட்ட டேட்டா 1951-இலிருந்து 1 டிகிரி அளவில் உள்ளது. சமவெளிக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் 1 டிகிரி என்றால் 110 கிலோமீட்டர், நீலகிரி அதில் கரைந்தே போய்விடும். மலைக்கு நிலைய அளவீடு கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈரா5-லேண்ட், சுமார் 9 கிலோமீட்டர் அளவில், 1950-இலிருந்து இருக்கிறது. அது நேரடி அளவீடு அல்ல, அதுவும் ஒரு மாடலின் வழியாக வந்ததுதான். அதை வைத்துத் திருத்தினால் அதன் தவறுகளும் உங்கள் விடைக்குள் வரும். பக்கத்தில் ஒரு நிலையத்தின் சில வருட டேட்டாவாவது வாங்கி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அடிப்படைக் காலம் 30 வருடம் இருக்கட்டும். சிமிப்5 (உலக மாடல்களை ஒப்பிடும் சர்வதேசத் திட்டத்தின் ஐந்தாம் சுற்று) வழி வந்த ஓட்டங்களில் பழைய காலம் 2005-உடன் முடிகிறது, எதிர்காலம் 2006-இல் தொடங்குகிறது. அதனால் 1976–2005 வசதியானது. சிமிப்6 என்றால் பழைய காலம் 2014 வரை போகும்.

கோப்பைச் சரிபார்ப்பது

வெப்பநிலை கெல்வினில் இருக்கும், 273.15 கழிக்கவேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். அடுத்த இரண்டில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

முதலாவது காலண்டர். சில உலக மாடல்களில் லீப் வருடமே கிடையாது, பிப்ரவரி 29 வராது. பிரிட்டனின் ஹேட்ஜெம்2-இஎஸ் மாடலில் வருடத்துக்கு 360 நாள், எல்லா மாதமும் 30 நாள், பிப்ரவரி 30 கூட வரும். இதைக் கவனிக்காமல் வரிசையாக அளவீட்டோடு பக்கத்தில் ஒட்டிவைத்தால், வருடத்துக்கு ஐந்து நாள் வீதம் நழுவி, ஆறு வருடத்தில் ஒரு மாதம் தள்ளிப்போய்விடும். மே மாடலை ஏப்ரல் அளவீட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது, ஒரு நாள் எப்போது தொடங்குகிறது என்பது. இதைப் பாடப்புத்தகத்தில் அதிகம் பார்க்க முடியாது. மாடலின் நாள் யுடிசி, அதாவது உலகப் பொது நேரத்தின், நள்ளிரவில் தொடங்குகிறது, அது நமக்கு விடியற்காலை 5:30. குறைந்தபட்ச வெப்பநிலை வருவதும் ஏறக்குறைய சூரியன் உதிக்கும் அந்த நேரத்தில்தான். ஆக மாடலின் ஒரு "நாளுக்குள்" இன்றைய விடியலின் கடைசிக் குளிரும் இருக்கும், நாளைய விடியலின் குளிரும் இருக்கும். இரண்டில் எது குறைவோ அது பதிவாகும். நமது நிலையத்தில் காலை 8:30-க்குக் குறைந்தபட்ச வெப்பமானியைப் பார்த்து எழுதுகிறார்கள், அங்கே ஒரு நாளுக்கு ஒரு விடியல்தான். இதனால் மாடல் கொஞ்சம் குளிராகத் தெரியும். ஈரா5-லேண்ட் போன்ற மணிவாரி டேட்டா என்றால் இதைச் சரிசெய்வது எளிது: காலை 8:30 என்பது சரியாக யுடிசி 3 மணி, அங்கிருந்து 24 மணி நேரம் வெட்டிக்கொள்ளுங்கள். மாடலின் தினசரிக் கோப்பு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் மாற்ற முடியாது, ஆனால் குறைந்தபட்சத்தில் தெரியும் சாய்வில் ஒரு பங்கு இதுதான் என்று தெரிந்து வைத்துக்கொள்ளலாம். உச்ச வெப்பநிலை மதியம் வருவதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

திருத்துவதற்கு முன் பாருங்கள்

மாடலின் 2003 மே 31-ஐ எடுத்து நிஜமான 2003 மே 31-உடன் ஒப்பிடாதீர்கள். அன்று சென்னையில் 45 டிகிரி அடித்தது நிஜம். மாடலின் மே 31 வெறும் பெயருக்குத்தான் அந்தத் தேதி. உலக மாடல் தன் போக்கில் ஓடுகிறது, அதற்கு நம்முடைய எல் நினோ வருடமும் தெரியாது, புயலும் தெரியாது. புள்ளிவிவரம் மட்டும்தான் ஒத்துப்போக வேண்டும்: 30 வருட மே மாதங்களின் சராசரி, பரவல், உச்சிப் பகுதி. நாளுக்கு நாள் ஒப்பிட்டுத் தொடர்புக் கெழு கணக்கிட்டு "மாடல் மோசம்" என்று முடிவுகட்டிய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன், அந்த மாணவர்களின் உழைப்பை நினைத்தால் மனசு கஷ்டப்படும்.

மாதவாரியாக ஒரு படம் போடுங்கள்: மாடல் சராசரி, அளவீட்டுச் சராசரி, இரண்டுக்கும் வித்தியாசம். அப்புறம் ஒவ்வொரு மாதத்துக்கும் 5, 50, 95-ஆம் சதமானங்களில் (நாட்களைக் குளிரிலிருந்து சூடுவரை வரிசைப்படுத்தினால் நூற்றில் அத்தனையாவது இடத்தில் வரும் மதிப்பு) அதே வித்தியாசம். இந்தப் படத்தின் முன் அரை மணி நேரமாவது உட்காருங்கள். எல்லா மாதமும் ஒரே அளவு சாய்ந்திருந்தால் உயரம் அல்லது அலகுச் சிக்கல் என்று சந்தேகிக்கலாம். மழைக்காலம் முடிந்த மாதங்களில் மட்டும் மாடல் சூடாக இருந்தால், மாடலில் மழை குறைவாகப் பெய்து மண் காய்ந்துவிட்டதா என்று மழைக் கோப்பைப் பாருங்கள். மண்ணில் ஈரம் இருந்தால் வெயிலின் சக்தி ஆவியாக்குவதில் போகும், இல்லாவிட்டால் அது முழுக்கக் காற்றைச் சூடாக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நம் பக்கத்தில் இது முக்கியமான சந்தேகம். காரணம் தெரிந்தால்தான் எதிர்காலத்திலும் அந்தச் சாய்வு அப்படியே இருக்குமா என்று யோசிக்க முடியும். சாய்வு மாறாது என்ற அனுமானத்தின் மேல்தான் எல்லாத் திருத்த முறையும் நிற்கிறது.

முறையைத் தேர்ந்தெடுப்பது

மிக எளியது டெல்டா முறை. மாடல் சொல்லும் மாற்றத்தை மட்டும் எடுத்து, உதாரணமாக மே மாதம் 2.3 டிகிரி கூடுகிறது என்றால், அளவீட்டின் ஒவ்வொரு மே நாளோடும் 2.3 கூட்டிவிடுவது. மாதச் சராசரி மட்டும் போதுமென்றால் இதற்கு மேல் போகவே வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம்.

இதன் மறுபக்கம் நேரடிச் சராசரித் திருத்தம். மே மாதத்தில் மாடல் 3 டிகிரி குளிராக இருந்தால் எதிர்கால மே நாட்களுக்கெல்லாம் 3 டிகிரி கூட்டுவது. சராசரி சரியாகும், பரவல் தப்பாகவே இருக்கும். வெப்ப அலை நாட்களை எண்ணப் போகிறீர்கள் என்றால் இது போதாது. வானிலைத் துறையின் வரையறைப்படி வெப்ப அலை பற்றிப் பேசவே சமவெளியில் 40, கடற்கரையில் 37, மலையில் 30 டிகிரி தொட வேண்டும். இப்படி ஒரு கோட்டைத் தாண்டும் நாட்களை எண்ணும்போது பரவலில் உள்ள சின்னத் தவறும் எண்ணிக்கையைப் பல மடங்கு மாற்றிவிடும்.

அதனால்தான் எல்லோரும் குவாண்டைல் மேப்பிங் பக்கம் போகிறார்கள். மாடலின் 90-ஆம் சதமானத்தை அளவீட்டின் 90-ஆம் சதமானத்துக்கு மாற்று, 50-ஐ 50-க்கு மாற்று, இப்படி. பழைய காலத்துக்கு இது அற்புதமாகப் பொருந்தும், படம் போட்டால் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். ஆபத்தும் அங்கேதான். அளவீட்டின் திட்ட விலக்கம் 1.5 டிகிரி, மாடலின் திட்ட விலக்கம் 3 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேப்பிங் மாடலின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாகச் சுருக்கும். இப்போது நூற்றாண்டின் இறுதியில் 4 டிகிரி கூடும் என்று மாடல் சொல்கிறது, அந்த 4-ஐயும் பாதியாக்கி 2 என்று கொடுத்துவிடும். நாளுக்கு நாள் உள்ள ஆட்டமும் பசுங்குடில் வாயு கொண்டுவரும் சூடும் வெவ்வேறு என்று அதற்குத் தெரியாது. 4 டிகிரி 2 ஆனதை யாரும் கவனிக்காமல் ஒரு மாவட்டத் திட்ட அறிக்கைக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெப்பநிலைக்கு நான் சிபாரிசு செய்வது குவாண்டைல் டெல்டா மேப்பிங். ஆலெக்ஸ் கேனனும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலானது. கையாலேயே ஒரு நாளுக்குச் செய்து பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்குத்தான். 2060-களில் ஒரு மே நாள், மாடல் 39.2 டிகிரி சொல்கிறது. எதிர்கால மே நாட்களையெல்லாம் வரிசைப்படுத்தினால் இது 90-ஆம் சதமானத்தில் வருகிறது. பழைய காலத்து மாடலில் 90-ஆம் சதமானம் எவ்வளவு? 35.8. ஆக அந்த இடத்தில் மாடல் சொல்லும் மாற்றம் 3.4. அளவீட்டில் 90-ஆம் சதமானம் 38.6. அதோடு 3.4 கூட்டினால் 42.0. முடிந்தது. அளவீட்டின் வடிவமும் இருக்கிறது, ஒவ்வொரு சதமானத்திலும் மாடல் சொன்ன மாற்றமும் கைபடாமல் இருக்கிறது.

இதை மாதவாரியாகச் செய்தால் ஏப்ரல் 30-க்கும் மே 1-க்கும் நடுவில் ஒரு படிக்கட்டு விழும். அதைவிட ஒவ்வொரு நாளுக்கும் முன்னே 15, பின்னே 15 சேர்த்து 31 நாள் ஜன்னல் வைத்துக்கொள்ளுங்கள். 30 வருடத்துக்கு 930 மதிப்புகள் கிடைக்கும், சதமானம் எடுக்க அது போதும். எதிர்காலத்தையும் 2041–2070 போல 30 வருடத் துண்டுகளாகவே எடுங்கள். 2006 முதல் 2100 வரை மொத்தமாக வரிசைப்படுத்தினால் 2010-உம் 2095-உம் ஒரே குவியலில் கலந்து சதமானமே அர்த்தமிழந்துவிடும்.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாக: பைத்தானில் எக்ஸ்அரேயும் எக்ஸ்கிளிமும், ஆர் மொழியில் எம்பிசி தொகுப்பும் இதைச் செய்யும். கட்டங்களை மாற்ற சிடிஓ போதும். ஆனால் முதல் தடவை ஒரே ஒரு கட்டத்தை ஸ்ப்ரெட்ஷீட்டில் கையால் செய்துவிட்டு, மென்பொருள் தரும் விடை அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

உச்சமும் குறைந்தபட்சமும்

இரண்டையும் தனித்தனியாகத் திருத்தினால் சில நாட்களில் குறைந்தபட்ச வெப்பநிலை உச்சத்தைவிட அதிகமாகிவிடும். நம்ப முடியாது, ஆனால் நடக்கும், முக்கியமாக மேகம் மூடிய மழை நாட்களில், இரண்டும் நெருங்கி நிற்கும்போது. பரிகாரம் எளிது: உச்சத்தைத் திருத்துங்கள், அப்புறம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனி மாறியாக வைத்து, கூட்டலுக்குப் பதில் விகிதமாகத் திருத்துங்கள். திருத்திய உச்சத்திலிருந்து திருத்திய வித்தியாசத்தைக் கழித்தால் குறைந்தபட்சம் வந்துவிடும். விகிதம் என்பதால் வித்தியாசம் ஒருபோதும் எதிர்மறையாகாது.

சரியாக வந்ததா?

திருத்திய பழைய காலம் அளவீட்டோடு பொருந்துவதை வெற்றியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பொருந்தும்படிதான் செய்திருக்கிறோம். நாம் நேரடியாகத் தொடாத விஷயங்களைப் பாருங்கள். 37 டிகிரிக்கு மேல் தொடர்ந்து எத்தனை நாள் நீடிக்கிறது? நிஜத்தில் நான்கு நாள், மாடலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால், சதமானத் திருத்தம் அதைச் சரிசெய்யாது. தொடர் வெப்பத்தை வைத்து முடிவெடுக்கும் வேலைக்கு அந்த மாடலை விட்டுவிடுவதே மேல். 1976–1995-ஐ வைத்துத் திருத்தி 1996–2005-இல் சோதிப்பதும் நல்லதுதான், ஆனால் பத்து வருடம் இயற்கையாகவே முன்பின் ஆடும் என்பதால் அரை டிகிரி வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம்.

கட்டாயமான சோதனை இன்னொன்று: ஒவ்வொரு மாதத்துக்கும், திருத்தாத மாடல் எவ்வளவு கூடும் என்கிறது, திருத்திய பின் எவ்வளவு என்கிறது, பக்கத்துப் பக்கத்தில் அட்டவணை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கேயோ கை வைத்திருக்கிறோம், திரும்பிப் போய்ப் பாருங்கள்.

உச்சத்தின் ஓரத்தையும் தனியாகப் பாருங்கள். 45 டிகிரி அடித்த 2003 உங்கள் அடிப்படைக் காலத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே சென்னையின் மேல்முனை மாறும். 30 வருடத்தின் மிக உச்சமான ஒரு நாளை வைத்துத் திருத்தம் செய்வது அந்த ஒரு நாளை நம்பி எல்லாவற்றையும் வைப்பது போல. கடைசி ஒரு சதவீதத்துக்கு, 99-ஆம் சதமானத்தில் கிடைத்த அதே திருத்தத்தை அப்படியே நீட்டிவிடுவது பாதுகாப்பான வழி.

மாடலுக்குள் இல்லாததைத் திருத்தம் கொண்டுவராது. பல வட்டார மாடல்களில் காற்றிலுள்ள நுண்துகள்கள் வருடத்துக்கு வருடம் மாறுவதே கிடையாது; நகரம் வளர்வதும் கிடையாது. 50 கிலோமீட்டர்க் கட்டத்தை நிலையத்துக்குத் திருத்தினால் அந்த நிலையத்தின் இன்றைய சூழல்தான் 2070 வரை நீள்கிறது.

கொடுக்கும்போது திருத்தாத கோப்பையும் திருத்திய கோப்பையும் சேர்த்தே கொடுங்கள். கோப்பின் தலைப்புத் தகவலில் உலக மாடல், வட்டார மாடல், காட்சி (பசுங்குடில் வாயு எவ்வளவு வெளியாகும் என்ற அனுமானம்), அடிப்படைக் காலம், அளவீடு, முறை, ஜன்னல், உயரத்துக்குச் செய்த கழிவு, தள்ளி எடுத்த கட்டம் எல்லாம் எழுதிவிடுங்கள். விடையை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், குறைந்தது ஐந்தாறு மாடல் ஜோடிகளின் கீழ் எல்லை, நடு, மேல் எல்லை என்று சொல்லுங்கள். ஊட்டிக்கு என்று யாராவது கேட்டால், அது 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள நிலையத்துக்கா, தேயிலைத் தோட்டம் இருக்கும் 1,800 மீட்டர்ச் சரிவுக்கா என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 3 டிகிரி இருக்கிறது.